கொட்டாப்புளி அடைத்த நான்கு துளைகள்

நீங்கள் தூங்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம், எழுந்து போய்ப் பாருங்கள். இருந்தால், ஒருவர் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்படிக் கழற்றியவரின் கதை இது. ஒரு ராணுவ முகாமின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் தச்சராக இருந்தார். சீருடை கிடையாது, சம்பளம் மட்டும்தான். உளியின் தலையில் தட்டும் மரச் சுத்தியலைக் கொட்டாப்புளி என்பார்கள். அது எந்நேரமும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். அதனால் ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. செய்த வேலையின் தடம் தெரியக் கூடாது. ஆணி பிடுங்கிய ஓட்டையை அப்படியே விட்டுப் போகிறவனைப் பார்த்தால், "இது தச்சு வேலையாடா, எலி வேலையா?" என்பார்.

அந்த முகாமின் தொலைபேசி நிலையத்தில் ஒரு பெண் சிப்பாய். இருபத்து மூன்று வயது. சின்ன உருவம், வேகமான நடை, எல்லாருக்கும் சிட்டு. இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவள் என்பதால் பெண்கள் விடுதியின் கோடியில் அவளுக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். கதவுக்கு ஒரு பூட்டு. அதன் இரண்டாவது சாவி நிர்வாக அதிகாரியின் மேசை இழுப்பறையில். உள்தாழ்ப்பாள் அந்த விடுதியில் எந்த அறைக்கும் இல்லை.

"அண்ணே, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்கண்ணே."

"அனுமதிச் சீட்டு வாங்கிட்டு வாம்மா. சீட்டு இல்லாம நான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்."

"சீட்டுல கையெழுத்துப் போட வேண்டியவருக்காகத்தான் தாழ்ப்பாளே கேக்கறேன்."

கொட்டாப்புளி அதற்கு மேல் சீட்டுக் கேட்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில், பழைய சாமான் பெட்டியில் கிடந்த கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்தார். நான்கு நீளத் திருகாணிகள். கதவு நிலையில் ஆழமாக ஒரு துளை.

"யானை வந்து முட்டினாலும் அசையாது."

"யானைக்கெல்லாம் நான் ஏன் பயப்படப் போறேன்?" என்று சிட்டு சிரித்தாள்.

நான்கு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். ஒருநாள் அறைகளைச் சோதிக்க வந்த நிர்வாக அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். கொட்டாப்புளியைக் கூப்பிட்டனுப்பினார். "யாரைக் கேட்டு மாட்டின? தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது? சாயங்காலத்துக்குள்ள அது அங்க இருக்கக் கூடாது." எல்லாம் வாய்மொழிதான். சீட்டு இல்லாமல் மாட்டியது, சீட்டு இல்லாமலே கழன்றது.

கழற்றும்போது சிட்டு பக்கத்தில் நின்றாள்.

"விட்டுடுங்கண்ணே. தீப்பிடிச்சா திறந்துக்கிட்டு ஓடி வரத் தெரியாதா எனக்கு?"

"என் வேலைக்கே உலை வெச்சுடுவாரும்மா. பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம்தான். கதவுக்கு நாற்காலியை முட்டுக் குடுத்துக்க."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். பிறகு அவருடைய கர்வம் வேலை செய்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து நான்கு துளைகளையும் நிலையில் இருந்த துளையையும் அடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய நிறத்திலேயே வண்ணம் கலந்து பூசினார். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு வார்த்தையும் சொன்னார்: "பாரு, இங்க தாழ்ப்பாள் இருந்துச்சுன்னு நீ சத்தியம் பண்ணாக்கூட ஒருத்தன் நம்ப மாட்டான்."

பத்தொன்பது நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, மற்றப் பெண்கள் எல்லாம் அணிவகுப்பு மைதானத்தில் இருந்தபோது, இழுப்பறையில் இருந்த சாவி அந்தக் கதவைத் திறந்தது. முட்டுக் கொடுத்த நாற்காலியின் கால் உடைந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். அன்று மாலையே சிட்டு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விசாரித்தவர்கள் மூன்று அதிகாரிகள். நிர்வாக அதிகாரியோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். "உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, அவர்தான் கழற்றச் சொன்னார்" என்றாள் சிட்டு. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றார் அவர். கதவைப் படம் எடுத்தார்கள். வழவழவென்று இருந்தது. தாழ்ப்பாளைப் பார்த்ததாகச் சொன்ன பக்கத்து அறைப் பெண்கள் இருவரையும் 'தோழிகள்' என்று எழுதி ஒதுக்கினார்கள். "தாழ்ப்பாள் இருந்ததற்குத் தடயமே இல்லை. இதிலேயே பொய் சொல்பவரின் மற்ற வார்த்தைகளையும் நம்புவதற்கில்லை." இதுதான் அறிக்கை.

தாழ்ப்பாளே இருந்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். வெறும் சாக்குத் திரை தொங்கும் அறையில் ஒருத்தி தூங்கினாலும், அதை விலக்கிக்கொண்டு உள்ளே போக எவனுக்கு உரிமை? நாட்டின் எல்லையைக் காக்கும் வேலைக்கு அவளை எடுத்துவிட்டு, அவளுடைய கதவைக் காப்பதையும் அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். கதவைப் படம் எடுத்தவர்கள் அந்த உடைந்த நாற்காலியை ஏன் எடுக்கவில்லை? சாவி யார் கையில் இருந்தது என்று ஏன் ஒரு வரி கேட்கவில்லை?

கொட்டாப்புளியை யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. புகார் கொடுத்த நாளிலிருந்து எட்டு நாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கடைசியில் மனைவிதான் கேட்டார்.

"வாயைத் திறந்தா பென்ஷன் போயிடும்ங்கறீங்க. திறக்காம இருந்து என்னத்தைச் சாப்பிட்டீங்க இந்த எட்டு நாளா?"

ஒன்பதாம் நாள் காலை அலுவலகத்தில் போய் நின்றார். "தாழ்ப்பாளை மாட்டினதும் நான், கழட்டினதும் நான். கழட்டச் சொன்னது நிர்வாக அதிகாரி. உளியால கீறினா துளை தெரியும், வந்து பாருங்க."

"கோப்பு நேத்தோட மூடியாச்சுய்யா" என்றார் எழுத்தர். பொய்ப் புகார் கொடுத்ததாகச் சிட்டுவை முந்தின நாளே வேலையிலிருந்து நீக்கி, பெட்டியோடு வாசலில் விட்டிருந்தார்கள். அனுமதியில்லாமல் தாழ்ப்பாள் மாட்டியதற்காகக் கொட்டாப்புளியை அன்றே பணிநீக்கம் செய்தார்கள். இருந்ததே இல்லை என்று எழுதிய தாழ்ப்பாளுக்குத்தான் இந்தத் தண்டனை. அதற்குள் அந்த அறைக்குப் புதுக் கதவும் வந்திருந்தது.

பழைய கதவு சமையல்கூடத்து விறகுக் குவியலில் கிடந்தது. துளைகள் இருந்த பகுதியை அறுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சிட்டு இருக்கும் ஊருக்குப் பேருந்து ஏறினார்.

"பெருசு, வீட்டைப் பூட்டிட்டு வரச் சொன்னா கதவையே தூக்கிட்டு வந்துட்டீரா?" என்று சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த பலகையைப் பார்த்து நடத்துநர் கேட்க, வண்டியே சிரித்தது. அவர் சாக்கை மடியில் இறுக்கிக்கொண்டார்.

சிட்டுவின் அம்மா அவரை உள்ளே கூட்டிப்போனார். "கொஞ்சம் இருங்க" என்று ஒரு கதவைத் தட்டினார். உள்ளே பீரோ நகரும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு மேசை. அப்புறம்தான் கதவு திறந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து உளியை எடுத்தார். வண்ணத்தைச் சுரண்டி, தான் அடைத்ததைத் தானே தோண்டினார். நான்கு துளைகள். சிட்டு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து வந்து, ஒரு துளைக்குள் விட்டு விரலால் திருகினாள். அது அடிவரை போயிற்று.

"எவ்வளவு ஆழமாப் போட்டிருக்கீங்க அண்ணே" என்றாள். அழவில்லை. அவர்தான் அழுதார்.

சிட்டு போட்ட மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. அந்தப் பலகை எந்தக் கதவின் துண்டு என்று எப்படி நம்புவது என்று இப்போதே கேட்கிறார்கள். புதுக் கதவை மாட்டியவர் ஒருவர் இருக்கிறார். பழையதை விறகுக்குத் தூக்கிப் போட்டவரும், உடைந்த நாற்காலியைப் பெருக்கித் தள்ளியவரும் இருக்கிறார்கள்.

அது நீங்களாக இருந்தால், அல்லது இப்படி வேறொரு முகாமில் வேறொரு கதவைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால், ஒரு தாளை எடுங்கள். பார்த்ததை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, புகார் கொடுத்த பெண்ணின் கையில் சேருங்கள். இன்றைக்கே செய்யுங்கள். எட்டு நாள் காத்திருக்காதீர்கள்.