நயினார் திரும்பிப் போன வீடு

அப்பா போய், காரியமும் முடிந்துவிட்டது. தயாவதிக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊர்ப் பெண்கள் அதைக் கவனிக்காமல் விடுவார்களா? "செல்லமா வளத்த பொண்ணு, கல்லு மாதிரி குந்திக்கினு இருக்குது பாரு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அழத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் எந்த அப்பாவுக்காக அழுவது என்று தெரிய வேண்டாமா?

ஜீவந்தர நயினாரைத் திருப்பருத்திக்குன்றத்தில் தெரியாதவர் கிடையாது. சுற்றுவட்டக் கிராமங்களில் எள் வாங்கி, காஞ்சிபுரத்துச் செக்குக்காரர்களுக்குப் போடுகிற வியாபாரி. நெட்டை உருவம், அதற்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரல். சமணர்களில் பாதிப்பேர் கடைப்பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வதை அவர் உண்மையாகவே கடைப்பிடித்தார். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. பகலிலும் எந்தக் கிணற்றுத் தண்ணீரானாலும் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்; துணியை அங்கேயே அலசிவிட்டுத்தான் கிளம்புவார். புழுவைக் கொன்று எடுத்த நூல் என்று பட்டைத் தொடவே மாட்டார். ஊரே பட்டு நெய்கிற சீமையில் இருந்துகொண்டு, பெற்ற மகளை நூல் புடவையில் மணவறையில் உட்காரவைத்த மனுஷன் அவர். அந்தக் கோபத்தில் தயாவதி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு பாசம்.

வந்தவாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். அன்றைக்கு நயினார் வாசலை விட்டு நகரமாட்டார்.

போன பங்குனியில் அவள் வந்தபோதும் வாசலில்தான் நின்றார். வெளியூர் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார் போல, சட்டையெல்லாம் வேர்வை. "வந்துட்டியாம்மா" என்று சிரித்துக்கொண்டே, அவளுக்கென்று வாங்கிவந்த எள்ளுருண்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் சிரிப்பைக் காணோம். எதையோ பைக்குள்ளேயே அமுக்கிவிட்டு, பையை மறுபடி தோளில் மாட்டினார்.

"ஐயம்பேட்டையில ஒரு வேலைய மறந்துட்டேன்மா. இதோ வந்துடறேன்."

வருஷம் பூரா காத்திருந்து வந்த மகள் வாசலில் நிற்கிறாள். அவர் பாட்டுக்கு அந்த உச்சி வெயிலில் போய்விட்டார். பஸ்ஸைத் தவறவிட்டு, நடந்தே திரும்பியபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அதற்குமேல் சோறு ஏது, தண்ணீர் ஏது? "அப்படி என்ன வேலைப்பா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்று சுவரைப் பார்த்தார். மறுநாள் ஜுரம். அந்த ஜுரம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

எழவு வீட்டில்தான் அந்தப் பெண்பிள்ளையைத் தயாவதி பார்த்தாள். உள்ளே வரவில்லை, அழவில்லை. எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உடலையே வெறித்துக்கொண்டிருந்தாள். தயாவதி பார்ப்பது தெரிந்ததும் விடுவிடுவென்று போய்விட்டாள்.

"அது ஐயம்பேட்ட ரேணுகாம்பாள்மா" என்றான், எள் மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரன் முனிசாமி. "தறிக்கார வூடு. புருசன் செத்து ரொம்ப வருசமாவுது. நம்ம நயினாரு அங்கதான் தண்ணி குடிக்கப் போவாரு."

சொல்லிவிட்டு மீசைக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் தயாவதியைத் தூங்கவிடாமல் அடித்தது. பட்டைத் தொடாத மனுஷனுக்குப் பட்டு நெய்கிற வீட்டில் என்ன தாகம்? ஐயம்பேட்டைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் வெளுத்த சட்டையா போட்டார்? பையில் அமுக்கியது என்ன? ஆசையாக நினைத்திருந்ததெல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அண்ணன் சந்திரநாதனிடம் சொன்னாள். "செத்தவரப் போயி சந்தேகப்படறியே, உனக்குப் பைத்தியமா?" என்று அதட்டினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் அதட்டினான்.

சரி, கேட்டே விடுவது என்று ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

ரேணுகாம்பாள் நடையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தயாவதியைக் கண்டதும் ராட்டை நின்றது.

"எங்கப்பா இங்க எதுக்கு வந்தாரு?"

"அத நான்தாம்மா உங்களாண்ட கேக்கணும்" என்றாள் ரேணுகாம்பாள். குரல் நடுங்கியது. "எங்க குடி கெடணும்னு நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

தயாவதிக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ரேணுகாம்பாள் அவளைக் கொல்லைக்கு அழைத்துப்போனாள். கிணற்றைப் பலகை போட்டு மூடி, மேலே வேப்பிலை செருகியிருந்தது.

"இத்தினி வருசமா வருவாரு, இந்தக் கல்லு மேல குந்துவாரு, தண்ணி குடிப்பாரு, போவாரு. பட்டு நூலு கீற வூடுன்னு உள்ள கூட வர மாட்டாரு. அன்னிக்கும் வந்துட்டுப் போனாரு. மத்தியானத்துக்கு மேல பாத்தா, கூப்புடாம கொள்ளாம பின்பக்கமா வராரு. பையிலேருந்து இன்னாவோ எடுத்து பக்கெட்டு தண்ணில அலம்புனாரு, அந்தத் தண்ணிய கெணத்துல உட்டாரு. வாயில இன்னாவோ முணுமுணுப்பு. கெணத்தப் பாத்து ஒரு கும்புடு வேற. மறுநாளே தறியில பாவு நூலு அறுந்துக்கினே இருக்குது. செய்வினதான்னு மூடிட்டேன். அவரு செத்துட்டாருன்னாங்க. இன்னாத்த போட்டாருன்னு உங்க வூட்டாண்ட கேக்கலாம்னு வந்தேன். பொணத்த வச்சிக்கினு இருக்கறவங்களாண்ட எப்படிக் கேக்கறது?"

"பையிலேருந்து எடுத்தது, வெள்ளத் துணியா?"

"ஆமா."

தயாவதி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வடிகட்டிய துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒட்டியிருக்கும். எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைத் திரும்ப விடவேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் பிழைக்காது. சின்ன வயதில் அவள் ஒருமுறை கோயில் கிணற்றுத் துணியை வீட்டில் அலசப் போனபோது, "அதுங்க வீடு இது இல்லம்மா" என்று கையைப் பிடித்துத் திரும்ப நடத்திக் கூட்டிப்போனவர் அப்பா. அதை அவள் ரேணுகாம்பாளிடம் சொன்னாள். உயிர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அதுதான் அந்த முணுமுணுப்பு என்றும் சொன்னாள்.

"ஆனா அப்பா மறக்கவே மாட்டாரே" என்றாள். "ஒரு நாளும் மறந்ததில்லையே."

"அன்னிக்கு அவரு குந்தவே இல்லியேம்மா" என்றாள் ரேணுகாம்பாள். இப்போது அவள் குரலில் பயம் இல்லை. "தண்ணியக் குடிச்சாரு, பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. துணிய அப்படியே சுருட்டி பையில போட்டுக்கினு ஓடுனாரு. 'எம்பொண்ணு வருதும்மா, அது வர்றப்ப நான் வாசல்ல நிக்கணும்'னு சொல்லிக்கினே ஓடுனாரு."

உன்னைப் பார்க்கிற அவசரத்தில்தான் மறந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வார்? அதனால்தான் சுவரைப் பார்த்தார்.

தயாவதி வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை அந்நியர் வீட்டுக் கொல்லையில் வந்தது. ரேணுகாம்பாள் வேப்பிலையை எடுத்து வீசினாள். பலகையைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் சேந்தி ஒரு சொம்பில் கொடுத்தாள். தயாவதி விம்மிக்கொண்டே முந்தானையை மடித்து வடிகட்டிக் குடித்தாள். பிறகு முந்தானையை வாளித் தண்ணீரில் அலசி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.