அழித்தாயிற்று என்று ஒட்டிய ஸ்டிக்கர்

சுமித்ராவுக்கு அந்த வேலை கிடைத்தபோது இருபத்தாறு வயது. ஊர் ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம். அப்பா கோபிகிருஷ்ணன் கொத்து வேலைக்குப் போவார். வேலை இல்லாத மாதங்களில் குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கரில் வேர்க்கடலை போடுவார். புத்தூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்த சுமித்ரா, நகரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூடப் படித்த கீர்த்தி சொல்லித்தான் போனாள்.

பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்குகிறவர்களின் பழைய போன்கள் அந்தக் கம்பெனிக்குத்தான் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கண்ணாடி மாற்றி, பேட்டரி மாற்றி, துடைத்து, வேறு யாருக்காவது விற்பார்கள். அதற்கு முன்னால் போனுக்குள் இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும். சுமித்ராவுக்கு அந்தப் பிரிவில் வேலை. ஒரு தட்டுக்கு இருபது போன். இருபதையும் கம்ப்யூட்டரோடு இணைத்தால் அது ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வரும். முடிந்த போனுக்குப் பச்சை டிக் விழும், ஒரு ஸ்டிக்கர் அச்சாகி வரும்: 'தகவல் முழுமையாக அழிக்கப்பட்டது.' அதை எடுத்துப் பின்பக்கம் ஒட்ட வேண்டும்.

வேலையில் இருப்பவர்களின் சொந்தப் போனை கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வந்த போனைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. சுமித்ரா ஒன்றரை வருடம் அதை மீறவில்லை. ஊரில் யாராவது கேட்டால் பெருமையாகவே சொல்வாள். தெருக்கோடி வீட்டுச் சுந்தரம்மா, கட்டட வேலைக்குப் போகிறவள், பழைய போனைக் கொடுக்கலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் மகள் பிரசவத்தின்போது எடுத்த படங்கள் இருந்தன, பாங்க் புத்தகத்தின் படம் இருந்தது.

"தைரியமா குடுக்கா. எங்க கம்பெனிக்கு வந்தா ஒண்ணு மிஞ்சாது. நானே அழிக்கிறேன்" என்று சுமித்ரா சொன்னாள். சுந்தரம்மா அந்த வாரமே கொடுத்துவிட்டாள். அது தசராவுக்குச் சில வாரங்கள் முன்னால்.

தசராவுக்கு முந்தைய மூன்று வாரங்கள் லாரி லாரியாகப் போன் வந்தது. வழக்கமாக ஒரு தட்டு முடிய எட்டு நிமிடம் ஆகும். கடைசி வாரம் மூன்று நிமிடத்திலேயே பச்சை டிக் விழுந்தது. புது வெர்ஷன் போட்டிருக்கிறோம் என்று லைன் லீடர் ஹரிபிரசாத் சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வார வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஸ்டிக்கர் ஒட்டி வண்டியில் அடுக்கிய தட்டுகளில் ஒன்றிலிருந்து அலாரம் அடித்தது. சுமித்ரா முதலில் யாரோ போனை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். சத்தம் வந்த போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் 'நான்னா பி.பி. மாத்திரை' என்று இருந்தது. தெலுங்குக்காரர் யாரோ தன் அப்பாவுக்காக வைத்த அலாரம். பின்பக்கம் அவள் கையால் ஒட்டிய ஸ்டிக்கர் கோணல் இல்லாமல் இருந்தது.

அழித்த போனில் அலாரம் இருக்காது. அவள் அதை நிறுத்தினாள், பிறகு விதியை மீறிப் படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒரு முதியவர், மருத்துவமனைக் கட்டில், இரண்டு குழந்தைகள், ஆதார் அட்டை. மூடிவிட்டாள். அதே தட்டில் மற்ற பத்தொன்பதையும் எடுத்துப் பார்த்தாள். ஏழு போன்களில் எல்லாம் அப்படியே இருந்தன.

"ஹரி, இங்க வா. பச்சை டிக் வந்திருக்கு, உள்ள ஒண்ணுமே போவல" என்றாள்.

ஹரிபிரசாத் பார்த்தான். முகம் மாறியது. "இந்தத் தட்ட மட்டும் திரும்பப் போட்டுடு. கௌண்ட்ல சேக்காத. பர்வாலேது, ஒண்ணும் ஆவாது" என்றான்.

"நேத்து போனது? மொந்தாநாள் போனது?"

"அது லாரி ஏறிடிச்சி சுமித்ரா. இன்னா பண்ணச் சொல்ற?"

அந்த வாரம் கிளம்பியது ஆயிரத்து நானூறுக்கு மேல் இருக்கும். சுமித்ரா சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனை நிறுத்தினாள். பொத்தானை அழுத்த எல்லோருக்கும் அதிகாரம் உண்டு என்று சுவரில் எழுதியிருந்தது. ஒன்றரை வருடத்தில் யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

கால் மணி நேரத்தில் மேனேஜர் வரதராஜன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், குரல் உயர்த்தாதவர்.

"கஸ்டமர் போட்டோவ நீ ஏன்மா திறந்து பாத்தே?"

"அலாரம் அடிச்சது சார். அழிச்ச போன்ல அலாரம் எப்படி அடிக்கும்?"

"அது டெக்னிக்கல் டீம் பாக்கும். நான் கேக்கறது வேற. அடுத்தவங்க போட்டோவ, ஆதார நீ பாத்திருக்கே. பிரைவசி மீறல். எட்டு போன்."

அவர் சொன்னது பொய் இல்லை. பார்த்தது அவள்தான். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும், இதைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது என்றும் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். கம்பெனி பஸ் சாயங்காலம்தான். அதுவரை கேண்டீனில் உட்கார்ந்திருந்தாள். அங்கேயே வேலை பார்க்கும் கீர்த்தி வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் பிரிவுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நீ ஏம்மா அதப் போய் தொட்ட?" என்றார் கோபிகிருஷ்ணன்.

"தொடாட்டி எப்படித் தெரியும் நைனா?"

சுமித்ரா சாப்பிடாமல் சுந்தரம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வெளியில் பேசக் கூடாது என்ற தாள் கைப்பையிலேயே இருந்தது.

சுந்தரம்மா அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டுக் கேட்டாள். முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது.

"அப்போ எம் பொண்ணு போட்டோல்லாம் எவன் கையிலயோ போயிருக்குமா?"

"போயிருக்கலாம், போகாமயும் இருக்கலாம். எனுக்குத் தெரியல அக்கா."

"நானே அழிக்கிறேன்னு சொன்னியேடி. கம்பெனி யாரு, அவன் பேரு கூட எனுக்குத் தெரியாது. உன் மூஞ்சியப் பாத்துத்தானே குடுத்தேன்."

சுமித்ரா நின்றபடியே கையை நீட்டி, "புதுப் போனக் குடுக்கா" என்றாள். பாங்க் செயலியின் ரகசிய எண்ணை மாற்றினாள், மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினாள், பழைய போனைக் கணக்கிலிருந்து நீக்கினாள். படங்களைப் பற்றிச் செய்ய ஒன்றுமில்லை. அதையும் சொன்னாள். சுந்தரம்மா அவளை உட்காரச் சொல்லவில்லை. அதன்பிறகு தெருவில் எதிரே வந்தாலும் பேசவில்லை.

ஐந்தாவது வாரம் பெங்களூரிலிருந்து தணிக்கைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பிரித்திகா. சுமித்ராவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம் ஆனதும் முடிந்ததோ இல்லையோ பச்சை டிக் போடும்படி யாரோ அமைப்பை மாற்றியிருந்தார்கள் என்பதை பிரித்திகா கண்டுபிடித்திருந்தாள். தசராவுக்கு அனுப்ப வேண்டிய எண்ணிக்கையை எட்டுவதற்காகச் செய்தது. யார் செய்தது என்று அவள் சொல்லவில்லை. அமைப்பைப் பழையபடி திருத்தியாயிற்று, சுமித்ரா திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றாள். ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளை முழுக்கப் படிக்கும்வரை பிரித்திகா காத்திருந்தாள். நடந்ததை எப்போதும் எங்கும் சொல்லமாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

"அந்த ஆயிரத்து நானூறு பேருக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?"

"லீகல் டீம் பாத்துட்டு இருக்காங்க."

"சொல்லுவீங்களா?"

பிரித்திகா பேனாவை மூடினாள். "என் ரிப்போர்ட்ல சொல்லணும்னு எழுதியிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"அவங்களுக்குச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடறேன்" என்றாள் சுமித்ரா. அறையில் கூட இருந்த வரதராஜன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு அந்த வேலை முடிந்தது.

தை மாதம் புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு, பஸ் செலவு சொந்தம். நோயாளிகளின் விவரத்தைப் பதியும்போது, இது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள். வரிசை நீண்டுவிடுகிறது என்று மற்றவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் கம்பெனி சொல்லிவிட்டது. நான்கு வரி ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி: சில சாதனங்களில் தகவல் அழிப்பு முழுமையடையாமல் போயிருக்கலாம், பாஸ்வேர்டுகளை மாற்றவும், சிரமத்துக்கு வருந்துகிறோம். சுந்தரம்மாவுக்கும் வந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்கு வந்தாள். அதே செய்தி வந்த இன்னும் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். சொசைட்டிச் செயலாளர் பூவராகவன், "இது ஃப்ராடு மெசேஜ், அழிச்சிடுங்க. எந்த கம்பெனிக்காரனாவது தன் தப்ப தானே சொல்வானா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து பஸ் இறங்கி வந்த சுமித்ராவைச் சுந்தரம்மாதான் கூப்பிட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பேசினாள்.

"இது நெசமாடி?"

"நெசம்தான் அக்கா."

பூவராகவன் நம்பவில்லை. வாதம் செய்தார். சுமித்ரா பால் கேன்களுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மற்ற இருவரின் போன்களையும் வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னாள். பிறகு பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று காட்டினாள். புதுப் பாஸ்வேர்டை அவர்களையே அடிக்கச் சொல்லிவிட்டு, அடித்து முடிக்கும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.