நான் வரவைத்த இருமல்

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. புதுக்கோட்டையில் பதினோரு வருடங்களாக ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். அரிமளம் பக்கத்திலிருந்து அந்த அம்மாவைக் கூட்டி வந்த நாளில் என் கை அவசரப்பட்டது.

சீமைக்கருவேலம் வெட்டும்போது முள் அவர் கண்ணில் குத்திக் கருவிழி கிழிந்திருந்தது. இருமினாலோ தும்மினாலோ உள்ளே இருப்பது பிதுங்கி, கண் போய்விடும். உள்ளூர் டாக்டர் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வீட்டுக்காரர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து வீட்டுல தாளிக்கவே விடலைங்க. நான் பீடியத் தொடலை. பஸ்ஸுல தூசி படாம சேலையால மூடித்தான் கூட்டியாந்தேன். ஒரு இருமல் வரலைங்க டாக்டரம்மா."

"நல்லதுங்க" என்று உள்ளே போனேன்.

மயக்கத்துக்கு முன் ஊசியில் ஏற்றும் ஃபென்டனில் என்ற வலிமருந்து சிலருக்கு இருமலைக் கிளப்பும். வேகமாக ஏற்றினால் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் இருமலை அடக்கும் லிக்னோகெய்ன் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ஃபென்டனிலை மெதுவாக விட வேண்டும். லிக்னோகெய்ன் சிரிஞ்சு தட்டில் தயாராகத்தான் இருந்தது. வெளியே இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அதைத் தொடாமல், ஃபென்டனிலை ஒரே அழுத்தாக அழுத்தினேன். பதறாத காரியம் சிதறாது என்று மாணவர்களுக்கு ஓதுகிறவள் நான்.

நாலு இருமல். எண்ணினேன். கண் டாக்டர் அந்த அம்மாவின் இமையை விலக்கி, பிதுங்கியிருந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தைக்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை. மீதி ஐந்து பேரையும் முடித்துவிட்டு டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். உப்பு குறைவு என்றுகூடத் தோன்றியது.

சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமே தெரியவில்லை. வராந்தாவில் என்னைக் கண்டதும் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"நீங்க எவ்வளவோ பாத்தீங்க. நாந்தாங்க கெடுத்துட்டேன். பஸ்ஸுல ஒருக்கா தொண்டையக் கனைச்சா. சன்னலச் சாத்தியிருக்கணும், சாத்தாம விட்டுட்டேன்."

"அதில்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். கோழை.

இப்போது யாராக இருந்தாலும் முதலில் லிக்னோகெய்ன்தான். கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடம் நிற்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவர்கள் மாதாமாதம் கண்ணைக் காட்ட வருகிறார்கள். எத்தனை வெயிலானாலும் பஸ்ஸில் அவர் சன்னலைத் திறக்க விடுவதில்லை என்று அந்த அம்மா என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.