பச்சை இலைப் போஸ்டர் அடித்த காலம்

அச்சகம் வைத்திருப்பவனுக்குச் சொந்தக் கருத்து இருக்கக்கூடாது. இருந்தால் பாதி வாடிக்கையாளர் அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். கடை வைத்து இடிபட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் சின்னதாய் ஓர் அச்சகம் நடத்தினேன். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், எது வந்தாலும் அடிப்பேன். அப்படித்தான் மார்கரெட்டும் வந்தார்.

எங்கை விக்கிறாங்கள்?

மார்கரெட் ஓய்வுபெற்ற நர்ஸ். வளர்ந்தவர்களுக்குக் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டும், அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவரது கட்சி. நூலக மண்டபத்தில் அதைப்பற்றி ஒரு விவாதக் கூட்டம், அதற்குத்தான் போஸ்டர். நடுவில் விரல் விரித்தமாதிரி பெரிய பச்சை இலை.

கோயில் நோட்டீஸ் எடுக்க வந்த சிவசம்பு அண்ணை அதற்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"எட தம்பி, மரவள்ளியெல்லோ! கிழங்கு எங்கை விக்கிறாங்கள்? எனக்கும் ரெண்டு கிலோ சொல்லிவை."

வெள்ளைச் சேர்ட்

அடுத்த நாள் கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரர் வந்தார், முழு யூனிபோர்மில். எனக்கு அப்போது விசா முடிவு வந்திருக்கவில்லை. பிறகு நல்லபடி வந்தது. அன்றைக்கு அது தெரியாதே! சுவரோரக் கயிற்றில் மை காயாத போஸ்டர்கள் தொங்கின. போட்டிருந்த வெள்ளைச் சேர்ட்டோடு ஓடிப்போய் அவற்றில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றேன். "குட் மோர்னிங்" என்று வந்த குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்தக் கூட்டத்திலை எதிர்த்துப் பேசப்போறது நான்தான். என்ரை பேர் சரியாய் விழுந்திருக்கோ எண்டு பாக்க வந்தனான்."

எனக்கு மூச்சு வந்தது. போஸ்டரைக் காட்டத் திரும்பினேன். பின்னால் ஒரு வெடிச்சிரிப்பு.

"பேர் சரி. ஆனால் எதிர்க்கட்சியின்ரை இலை உன்ரை முதுகிலை கிடக்கு!"

ஜெசி எழும்பினாள்

"எங்கடை சேர்ச் ஃபாதர் கண்டால் என்ன நினைப்பார்?" என்று என் மனைவி ஜெசி ஒரு கிழமையாய் எனக்கு முகம் தரவில்லை. கூட்டத்துக்கு வந்ததே என்னைக் காவல் காக்கத்தான். பொலிஸ்காரர் நன்றாகத்தான் பேசினார். "சட்டமாக்கினால் நாளைக்கே பள்ளிப் பிள்ளையளின்ரை கைக்குப் போயிடும்" என்று முடித்தார்.

திரும்பிப் பார்க்கிறேன், ஜெசி எழும்பி நிற்கிறாள்! வெள்ளைக்காரர் முன்னால் மூன்று வசனம் சேர்ந்தாற்போல் பேசியறியாதவள்.

"நான் சாராயக் கடையிலை வேலை. சின்னப் பெடியன் பியருக்கு வந்தால் வயசு கேப்பன். பஸ் ஸ்டாப்பிலை கஞ்சா விக்கிறவன் ஆரிட்டை வயசு கேக்கிறான்?"

மண்டபம் அதிர்ந்தது. மார்கரெட் எழும்பி நின்று கைதட்டினார்; பொலிஸ்காரரும் தலையை ஆட்டிச் சிரித்தபடி தட்டினார். ஜெசி கதிரையில் இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் சொன்னாள்:

"நான் ஒருத்தரையும் கஞ்சா பத்தச் சொல்லேல்லை. ஃபாதர் கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

சட்டம் மாறவில்லை, ஆனால் அது மாறவேண்டும் என்றவர்களும் மாறக்கூடாது என்றவர்களும் அதற்குப் பிறகு ஆளுக்காள் போட்டிபோட்டுக் கூட்டம் வைத்ததில், என் மெஷினுக்குத்தான் ஓய்வில்லாமல் போனது.