அக்காவின் எலிகளுக்குப் பேன் பார்த்தது

அக்கா எலி வளர்த்தாள் என்பது அவள் இறந்து பதினேழாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தாம்பரத்தில் அவள் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்ய நானும் என் கணவரும் அவருடைய லோடு வண்டியில் போயிருந்தோம். கட்டில், மிக்சி, துணிமணி, இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு வீட்டுக்கார அம்மா மாடிப்படிக்குக் கீழேயிருந்து ஒரு கம்பிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு வெள்ளை எலிகள்.

"இதையும் எடுத்துக்கோம்மா. உங்க அக்காதான் வச்சிருந்தாங்க. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிலேர்ந்து நான்தான் சோறு போடுறேன். ரூமைப் பூட்டிட்டோமா, அதான் படிக்கட்டுக்குக் கீழ வச்சுட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூண்டை வாங்கிக்கொண்டேன். யோசித்து வாங்கவில்லை. அந்த நாட்களில் யார் எதை நீட்டினாலும் கை தானாக வாங்கிக்கொண்டது. காபி, கையெழுத்துப் போடவேண்டிய காகிதம், யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வேலை செய்யும் இடத்தில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நைனா பார்த்து முடித்த இடத்தை, நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த வாசப்படி ஏறாதே என்று நைனா சொன்னார். அவளும் ஏறவில்லை. அவளைக் கொண்டுவந்து எங்கள் ஊரில், அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில், எடுத்துப்போன அன்றைக்கு நைனா வேப்பமரத்தடியில் நின்றபடியே இருந்தார். நான் அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் அதைக் கவனித்தார்கள். "அழுதுடும்மா, உள்ளயே வச்சுக்காத" என்று என் முதுகைத் தேய்த்தார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் யாருடையதோ மாதிரி, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கூண்டைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் வைத்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டும் பெண். சோறும் வேர்க்கடலையும் போட்டேன், தண்ணீர் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூரியர் ஆபீசில் கவுன்ட்டரில் உட்காருவது என் வேலை.

மூன்றாம் நாள்தான் கூண்டு விடாமல் கிலுகிலுப்பதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தால் இரண்டும் பின்னங்காலால் கழுத்தைப் பறக்கப் பறக்கச் சொறிந்துகொண்டிருந்தன. பெரியதைத் துணியால் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். தோள்பட்டையில் சின்னச் சின்னப் பொருக்கு. முடியை ஊதிப் பிரித்தபோது மண் நிறத்தில் ஏதோ மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு முடியிலும் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈறு. பெண்ணாகப் பிறந்து பள்ளிக்கூடம் போன யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கணவரிடம் சொன்னேன்.

"கொண்டுபோயி ஏரிக்கரையில உட்டுட்டு வா" என்றார்.

"செத்துப்பூடும்."

"எலிதான?"

"ஆமா."

நான் சண்டை போடவும் இல்லை, கொண்டுபோய் விடவும் இல்லை. வீட்டில் இருந்த வேப்பெண்ணெயைத் தொட்டு இரண்டின் முதுகிலும் தடவினேன். அது தவறு. இரண்டும் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்கிற பிராணிகள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் சின்னது மூலையில் சுருண்டு கிடந்தது. கடலையை மூக்கருகே வைத்தும் எடுக்கவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே கிடந்தது. கூண்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எனக்கு முன்னால் உண்ணி பிடித்த ஆட்டோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, எலியா? எலிக்கா வைத்தியம்? நாங்க நெல்லு வயல்ல மருந்து வச்சுக் கொல்றோம். நீ இன்னாடான்னா மருந்து போட இட்டாந்துருக்கிற!"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் அசைந்த ஞாபகம் இல்லை.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டு, டார்ச் அடித்து, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"பேன்தாம்மா. எலிப் பேன். உங்களுக்கு ஏறாது, பயப்படாதீங்க. புதுசா வாங்கினதா?"

"வாங்கல. எங்க அக்காவோடது. இப்பதான் எங்கிட்ட வந்துது."

"நடுவுல எங்க இருந்துது?"

மாடிப்படிக்குக் கீழே என்று சொன்னேன்.

"அதான். சிந்தின தீனிக்கு ஊர் எலி வந்துருக்கும். கூண்டு ஓரமாப் படுத்துருக்கும். அதுலேர்ந்து தொத்திக்கிச்சு." பிறகு சின்னதின் காதை விளக்கில் காட்டினார். "இங்க பாருங்க. காது, பாதமெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கணும். காகிதம் மாதிரி இருக்குது. ரத்தத்த உறிஞ்சிடுச்சு. வேப்பெண்ணெய், தலைக்குப் போடுற பேன் மருந்து, மாட்டு மருந்து எதுவும் வேணாம். எடை இன்னான்னு தெரியுமா?"

தெரியாது. அங்கே இருந்த தராசு ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆனது. டாக்டர் சென்னையில் இருக்கும் கூடப் படித்த ஒருவருக்குப் போன் போட்டு, மருந்தை எடைக்குத் தகுந்த மாதிரி துளிக் கணக்கில்தான் கொடுக்கவேண்டும் என்று உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஆபீஸ் ஷட்டரைத் திறந்ததும், யாரும் வருவதற்கு முன்னால், கவர் எடை போடும் மெஷினில் காலி அட்டைப்பெட்டியை வைத்து, பிறகு எலியோடு வைத்தேன். பெரியது முந்நூற்றுப் பத்து கிராம். சின்னது நூற்றுத் தொண்ணூறு. சீட்டில் எழுதிக்கொண்டு மெஷினை டெட்டால் போட்டுத் துடைத்தேன். அன்றைக்கு அந்தத் தட்டில் எத்தனையோ பேர் கடிதங்களை வைத்து எடுத்தார்கள்.

டாக்டர் மருந்தைக் கலந்து, இரண்டு சின்ன ஊசிக்குழாயில் ஊசி இல்லாமல் அளந்து தந்தார். வாயில் விட வேண்டும். பேன் சாகும், ஈறு சாகாது, அதனால் பொரிந்து வருவதைப் பிடிக்க வாரம் ஒரு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கூண்டைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் துணி, மரத்தூள் எல்லாவற்றையும் எரித்துவிட்டு வெறும் பேப்பர் மட்டும் போட வேண்டும்.

கூண்டுக்குள் ஒரு துணித் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் துப்பட்டாவை வெட்டி, நான்கு மூலையிலும் கொக்கி வைத்துத் தைத்தது. தையல் அவளுடையதுதான். இழுத்து இழுத்துத் தைப்பாள். அதில் பேன் ஊர்ந்தது. துவைத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு கொல்லையில் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டேன். அது எரிந்து முடியும்வரை நின்றேன். அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து உள்ளே போனேன்.

மருந்து கொடுப்பது ஒற்றை ஆளால் முடியவில்லை. ஒரு கையில் எலியும் ஒரு கையில் குழாயுமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது நைனா வந்தார். அக்காவின் வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சின்ன அறையின் கதவருகே நின்றார்.

"இன்னாம்மா பண்ற?"

"மருந்து குடுக்கிறேன் நைனா. அக்கா வளர்த்தது. பேன் புடிச்சிருக்குது."

நைனா வாழ்நாள் முழுக்க எலி அடித்தவர். நெல்லுக்கும் கடலைக்கும் காவல் இருந்து, வரப்பில் கிட்டி வைத்து, வளையைத் தோண்டி, எத்தனை அடித்திருப்பார் என்று கணக்கே இருக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"குடு."

கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரல், வயிற்றுக்கடியில் மற்ற விரல்கள். எலி அசையவில்லை. எலியைப் பிடிக்கத் தெரிந்த கை. பெரியதற்குக் கொடுத்து முடித்தேன். சின்னதை எடுத்துக் கையில் வைத்ததும் அவர் சொன்னார்:

"இதுல எடையே இல்லம்மா."

"ரத்தம் இல்லயாம்."

நான் குழாயை அதன் வாயோரம் வைத்தேன். அப்போது நைனா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆடி மாசம் உங்கக்கா போன் பண்ணா. ரெண்டு வாட்டி அடிச்சுது. கையிலதான் இருந்துது போனு. எடுக்கல."

ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான், "கெட்டியா புடிச்சுக்கோ நைனா, தல ஆடுது" என்றேன். அவர் பிடித்துக்கொண்டார். மருந்து உள்ளே போனது.

சாப்பிடும்போது கேட்டார், "அதுங்கள இன்னான்னு கூப்புடுவாளாம்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். "பேரெல்லாம் நான் கேட்டதில்லம்மா. வேலை விட்டு வந்து கதவத் தெறக்கிறப்ப, வந்துட்டேன் பொண்ணுங்களான்னு சொல்லுவாங்க, அது காதுல விழும்" என்றார். நைனாவிடம் அப்படியே சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த வாரமும் அந்தக் கிழமைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவைக்குள் பெரியதன் பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. சொறிகிற சத்தம் குறைந்திருந்தது. பேன்சீப்பால் வாரினால் செத்த பேன் வந்தது. சின்னதிலும் பேன் இல்லை. ஆனால் அது எழுந்து நடமாடவில்லை. டாக்டர் சத்து டானிக் எழுதித் தந்தார். முட்டை மஞ்சள் கருவை விரலில் தொட்டு வைத்தேன், நக்கியது. நான்கு நாள் நக்கியது. ஐந்தாம் நாள் காலையில் பார்க்கும்போது பெரியது அதன்மேல் படுத்திருந்தது. சின்னது விறைத்திருந்தது.

டாக்டரிடம் போனில் கேட்டேன், வேப்பெண்ணெயாலா என்று. "சொல்ல முடியாதும்மா. வர்றப்பவே ரொம்ப மோசமாதான் இருந்துது" என்றார். முருங்கைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, குளித்து, ஒன்பதரைக்கெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

மூன்றாம் தடவை நைனா வந்தபோது கூண்டில் ஒன்றுதான் இருந்தது. எட்டிப் பார்த்தார். "எப்போ?" என்றார். சொன்னேன். பெரியதைப் பிடித்துக்கொடுத்தார். முடித்ததும் கீழே விடாமல் மடியிலேயே வைத்திருந்தார். அது அவர் வேட்டி மடிப்புக்குள் புகுந்துகொண்டது. நைனாவின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கண் காய்ந்துதான் இருந்தது.

மாதக் கடைசியில் டாக்டர் முடியைப் பிரித்துப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்றார். கூடவே, இது தனியாக இருந்தால் ஏங்கும், துணை வேண்டும், ஆனால் புதிதாகக் கொண்டுவருவதை இரண்டு மூன்று வாரமாவது வேறு அறையில் வைத்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்றார். நைனாவிடம் சொன்னேன். விழுப்புரத்தில் மீன் தொட்டி விற்கும் கடை ஒன்றில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம்.

கடைக்காரர் கேட்டார், "பாம்புக்குத் தீனிக்கா?"

"இல்லப்பா" என்றார் நைனா. "வூட்ல ஒண்ணு தனியா இருக்குது."

அவரே தேர்ந்தெடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் முடியை ஊதி ஊதிப் பார்த்தார். கடைக்காரர் பொறுமையிழந்து வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கடைசியில் காதும் பாதமும் நன்றாகச் சிவந்த ஒரு குட்டியை எடுத்து, ஓட்டை போட்ட பெட்டியில் வைத்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி அவர் மடியில் இருந்தது. செஞ்சியில் இறங்கியதும் அவலூர்பேட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து புதியதை மாடி அறையில் வைத்தேன். தண்ணீர் வைத்து, பேப்பரைக் கிழித்துப் போட்டேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, கீழே போய்ப் பெரியதற்குச் சோறு வைத்தேன்.