நசீரா ரீச்சருக்கு நான் சொன்ன பொய்

வெள்ளி காலை உழுதுகொண்டிருந்தபோது நசீரா ரீச்சரின் தம்பி அழைத்தார். “ராத்தா மௌத்தாகிட்டா, அண்ணை. ரெண்டு சிறுநீரகமும் போச்சு. ஜும்மாவுக்கு முதல் அடக்கம்.” உழவு இயந்திரத்தை நிறுத்தினேன். வயலில் ஒரு கொக்குகூட அசையவில்லை.

புளியங்குளத்தில் என் நெற்கொட்டகையில்தான் ரீச்சர் உயிரியல் வகுப்பு எடுத்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு குந்தியிருந்து கேட்டே அரை டாக்டராகிவிட்டேன், ஊரே சாட்சி.

அமினோ அமிலம் படிப்பித்த அன்று என்னைத்தான் நடுவில் நிறுத்தினார். “அண்ணைதான் காபன். இடக்கை அமைன், வலக்கை அமிலம், தொப்பி ஐதரசன். தோளிலை தொங்கிற பைதான் பக்கச்சங்கிலி. பை மாறினா ஆள் மாறும், இருபது விதம்.”

“ரீச்சர், காபனுக்கு வயிறு கூடிப்போச்சு!” என்றாள் ஒருத்தி.

என் அமிலக் கையை அடுத்தவரின் அமைன் கை பிடிக்க, நடுவில் ஒரு நீர் மூலக்கூறு கழன்று விழுமாம். அப்படிக் கோர்த்த நீளச் சங்கிலி மடிந்து சுருண்டால் அதுதான் புரதம். எங்கள் சங்கிலி ஏ-ஒன்பது வீதிவரை போனது. பேருந்துகள் நின்று பார்த்தன.

எனக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. “நாளுக்கு ஆறு முட்டை, ரீச்சர்! சலம் கழிச்சாலும் சோடா மாதிரி நுரைக்கும். அவ்வளவு புரதம்!”

வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபின் கேட்டார்: “அந்த நுரை அடங்குதோ, அப்பிடியே நிக்குதோ?”

“நிக்கும். பலமெல்லோ!”

“பலமில்லை, அண்ணை. உடம்பு பிடிச்சு வைக்கவேண்டிய சங்கிலி வெளியிலை ஒழுகுதோ தெரியாது. நாளைக்கே போய்ச் சோதியுங்கோ.”

வாராவாரம் கேட்டார். மூன்றாம் வாரம் அளந்துவிட்டேன்: “பாத்தாச்சு. பெரிய டாக்டரே எழும்பி நிண்டு, இருபது வயசுப் பொடியன்ரை சிறுநீரகம் எண்டவர்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கதிரையில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. “எனக்கும் நுரையிலைதான் தொடங்கினது, அண்ணை. நான் பிந்திப் போனனான்.”

அதன்பின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மையவாடி வாசலில் தம்பி என் கையைப் பிடித்தார். “ஒரு ஆளையாவது நேரத்துக்கு டாக்டரிட்டை அனுப்பினன் எண்டு ராத்தா உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவா.”

ரீச்சரை அறிந்தவர்களே, நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இப்போது காலும் வீங்குகிறது, செருப்பு ஏறவில்லை. தான் காப்பாற்றிவிட்டதாக ரீச்சர் நம்பிப்போன அந்த ஆளைத்தான், என்னையேதான், அவர் என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறார். திங்கட்கிழமை அவனை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பிந்திவிட்டேனோ தெரியாது.