சோறு ஊட்டும் தூரம்

போன கார்த்திகை மாதம் பெருமாநல்லூரில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு சாம்பிள் துணிகளை போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன். முதலில் செல்போனில்தான் எடுத்தேன். பிறகு ஒருவர் உபயோகித்த மிரர்லெஸ் கேமரா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. கைக்கு அடக்கமானது. காலையில் முருகன் படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் அதைத் தொடுவேன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, எடுத்து எடுத்துப் பழகியதுதான். ஆனாலும் துணி போட்டோ என்றால் என்னால் முடியும் என்ற தைரியம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் இருக்கிறாள். கம்பெனியில் டெய்லராக இருந்தவள். குழந்தை பிறந்த பிறகு முன்னறையிலேயே ஓவர்லாக் தையல் மிஷினைப் போட்டு, கைக்குழந்தைகளுக்கு வெள்ளை கவுனும் தொப்பியும் தைக்க ஆரம்பித்தாள். இன்னொருவருக்குத் தைத்துக் கொடுப்பதில்லை, சொந்த லேபிள். ஆன்லைனில் குழந்தைத் துணி விற்கிறவர்கள், போட்டோ அனுப்புங்கள், பிடித்தால் ஆர்டர் தருகிறோம் என்றார்கள். அது அவளுக்கு முதல் ஆர்டர். கிடைத்தால் லேபிள் நிற்கும். கிடைக்காவிட்டால் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மறுபடி கம்பெனி ஷிப்டுக்குப் போக வேண்டும். போட்டோ எடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தாள். மாடல் அவள் மகள்தான். அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

கல்யாண போட்டோ எடுக்கும் என் கொழுந்தனாரிடம் ஒரு லென்ஸ் இரவல் வாங்கி வந்து, மிஷின் ஓடிக்கொண்டிருந்த அந்த முன்னறையிலேயே உட்கார்ந்து மாற்றி மாட்டினேன். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் எடுத்து அனுப்பி வைத்தோம். அடுத்த நாள் அவள் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் உயிரே இல்லை.

“யக்கா, வெள்ளத் துணியில எண்ணெக் கறை இருக்குன்னு சொல்லுதாவ. கறைத் துணிய நான் அனுப்புவனா, நீங்களே சொல்லுங்க?”

எங்கள் ஊரில் ஒரு துணியைப் பற்றி அதைவிட மோசமாகச் சொல்ல முடியாது. மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு பட்டால் அந்தத் துணி கழிவுக்குத்தான் போகும். நான் எல்லாப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மங்கலாக ஒரு புள்ளி. ஒரு படத்தில் குழந்தையின் நெஞ்சில், ஒன்றில் கவுன் ஓரத்தில், இன்னொன்றில் பின்னால் இருந்த சுவரில். ஆனால் படத்துக்குள் எப்போதும் அதே மூலை, அதே இடம்.

“அழுவாத கண்ணு. இது துணீல இல்ல. கேமராவுக்குள்ளார இருக்குது” என்றேன்.

இந்த ஊரில் பஞ்சு படியாத இடம் ஏது? தலைமுடியில், புருவத்தில், சாமி படத்தின் கண்ணாடியில்கூட இருக்கிறது. லென்ஸைக் கழற்றிய அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு துணுக்கு பஞ்சு உள்ளே போய், படம் பதிகிற சென்சாரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் போனை வாங்கி, அந்தக் கடைக்காரர்களிடம் நானே பேசி விளக்கினேன். எதிரில் பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். இந்த வாரக் கடைசிக்குள் வேறு படங்கள் அனுப்புங்கள், அதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்றார்கள்.

அன்றே திருப்பூர் போய் கேமரா கடையில் சுத்தம் செய்து வாங்கினேன். இனி ஒரே லென்ஸ்தான், மாட்டினால் கழற்றவே கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் வீட்டுக்குள் போதாது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவிய மாதிரி வரும். அதனால் ப்ரைம் லென்ஸ் கேட்டேன். ப்ரைம் என்றால் ஜூம் ஆகாது, நாம்தான் முன்னே பின்னே நகர வேண்டும். ஆனால் மங்கின வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுக்கும். கடைக்காரத் தம்பி இரண்டைக் காட்டினார். ஒன்று முப்பத்தைந்து எம்எம், மூடி போட்டால் கோவில் குங்குமச் சிமிழ் அளவுதான். இன்னொன்று எண்பத்தைந்து, அரிசி அளக்கும் உழக்கு மாதிரி கனமாக இருந்தது.

“கொழந்தைங்க போட்டோன்னா பெருசுதானுங்கக்கா. பின்னாடியெல்லாம் பஞ்சுமிட்டாயாட்டக் கரைஞ்சு போயிரும்” என்றார்.

எனக்கும் ஆசை பெரியதன் மேல்தான். மொட்டை மாடியில் தூர நின்று எடுக்கலாமே என்று மனசு கணக்குப் போட்டது. அதை மாட்டிக்கொண்டு போனால் கம்பெனியில் வாசலிலேயே நாற்காலி போடுவார்கள். வீட்டுக்கு வந்து, சின்னது எப்படி இருக்கும் என்று பார்க்க, பழைய ஜூம் லென்ஸை முப்பத்தைந்தில் வைத்து, நகராமல் பண்டல் ஒட்டும் டேப்பைச் சுற்றி, இரண்டு நாள் அப்படியே எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் ஆசை போகவில்லை.

இந்த மாதிரிக் குழப்பம் வந்தால் எங்கள் பக்கத்தில் பூ கேட்போம். சம்பந்தம் பேசுவதா, தோட்டத்தில் போர்வெல் போடுவதா, எதுவானாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லிப் பிரிப்போம். இந்தப் பூ வந்தால் இது என்று மனசுக்குள் முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“கேளுங்கக்கா. நானும் எங்க மாதாட்ட சொல்லி வைக்கேன். ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிடட்டும்” என்றாள்.

கிருத்திகை அன்று வீட்டுக்காரரோடு முருகன் கோவிலுக்குப் போனேன். பூசாரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “என்ன காரியமுங்க அம்மிணி?” என்று கேட்டார்.

“லென்ஸ் வாங்கறதுக்குங்க.”

“கண்ணுல போடறதுங்களா?”

“கேமராவுக்குங்க.”

பூசாரி ஒரு முறை மூலவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்பனே, இதையும் கேட்டுக்க” என்று சொல்லிக் கற்பூரம் காட்டினார். தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு சிறுமியை விட்டு எடுக்கச் சொன்னார். பிரித்தால் வெள்ளைப் பூ. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கொடிமரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திக்கென்றது. வெள்ளை வந்தால் எது?

“ஏனுங்க, வெள்ளைன்னா சின்னதுன்னுதானுங்க நெனச்சேன்?”

“பெருசுன்னு பஸ்ஸுல சொன்னியே.”

“அது மொதல்ல சொன்னதுங்க. அப்பறம் படியேறும்போது மாத்திக்கிட்டேன். மாத்துனனா?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திரும்ப உள்ளே ஓடி, மறுபடி வைத்துக் கேட்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன்.

“ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க அம்மிணி. அவரு சொல்லீட்டாரு. நீங்க மறந்துபோட்டா அவரு என்ன பண்ணுவாரு?”

வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு முதலில் அழுகையாக வந்தது. பிறகு, பஸ் ஜன்னலில் காற்று முகத்தில் பட, மனசு தானாகத் தெளிந்தது. பதில் சொன்னவர் வழியையும் காட்டாமலா இருப்பார்? லென்ஸை வைத்துக்கொண்டு யாரைப் போட்டோ எடுக்கப் போகிறோமோ, அந்தக் குழந்தையையே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் என்ன?

மறுநாள் தாயும் மகளும் நானும் பஸ் ஏறிக் கேமரா கடைக்குப் போனோம். அந்த வெள்ளை கவுனையே குழந்தைக்குப் போட்டுவிட்டிருந்தாள். கடைத் தம்பி நல்ல மனிதர். கேமராவை வாங்கி, தூசி வராத கண்ணாடி அறைக்குள் வைத்து, சுத்தமான கையால் பெரிய லென்ஸை மாட்டிக் கொடுத்தார். குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்தோம். நான் கண்ணை வைத்துப் பார்த்தால் மூக்கும் ஒரு கன்னமும்தான் தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன். தலை வந்தது. இன்னும் நகர்ந்தேன். கவுன் பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் என் கால் வாசற்படியில் இறங்கியது.

“யக்கா! யக்கா! பஸ்ஸு வருது!” என்று அவள் கத்தினாள்.

தம்பி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ரோட்டில் ஒரு கால் வைத்து நின்றபோதுதான் அந்தக் குழந்தை முழுசாக எனக்குத் தெரிந்தாள். அவளோ அந்தக் கருப்புக் கண்ணாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, அம்மாவின் சுடிதார் ஷாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “இங்க பாரு கண்ணு” என்று கூப்பிட்டேன். வண்டிச் சத்தத்தில் என் குரல் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

பிறகு சின்ன லென்ஸை மாட்டித் தந்தார். நான் குழந்தைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முழு கவுனும், தொப்பியும், பாதமும் உள்ளே வந்துவிட்டன. நான் மெல்லப் பேசினாலே அவளுக்குக் கேட்டது. ஷாலை விலக்கி எட்டிப் பார்த்தாள். காக்காய்க்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று என் வாய் தன்னால் பேச ஆரம்பித்தது. அவள் வாயை ஆவென்று திறந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினேனோ, அதே தூரம் இது. குழந்தை பயப்படாமல் வாய் திறக்கிற தூரம். நான் பட்டனை அழுத்தினேன்.

“தம்பி, இதையே போட்டுக் குடுங்க. இனிக் கழட்ட மாட்டேன்” என்றேன்.

“பெருசுன்னா பின்னாடி பஞ்சுமிட்டாயாட்ட...” என்று அவர் இழுத்தார்.

“பின்னாடி யாருங்க பாக்கப் போறா? முன்னாடி என்ற தங்கம் இருக்கறா பாருங்க” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை, மிஷினை நிறுத்தி, முன்னறையைத் துடைத்து, ஜன்னலோரம் வெள்ளை வேட்டியை விரித்து எடுத்தோம். வெளிச்சம் அந்த ஒரு ஜன்னலில் வந்ததுதான். தையல் ஓரமும், வரிவரியான ரிப் கழுத்தும், பட்டனைச் சுற்றிய நூலும் அப்படியே தெரிந்தன. ஒரு புள்ளி கிடையாது. குழந்தை ஒரு முறைகூட அழவில்லை, என் மூக்கைப் பிடித்து இழுத்ததுதான் மிச்சம். வாரம் முடிவதற்குள் படங்கள் போய்ச் சேர்ந்தன.

பதில் வந்த அன்று அவள் எங்கள் சமையலறைப் பின்வாசல் வழியாகவே ஓடி வந்தாள். “யக்கா, எடுத்துக்கிட்டாவ! இந்தப் பிள்ள எந்த மாடல் ஏஜென்சின்னு கேக்காவ!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் முருகன் படத்துக்கு முன்னால் நின்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சமும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

இப்போது அவள் வீட்டில் மிஷின் சத்தம் கூடியிருக்கிறது. அந்தச் சின்ன லென்ஸ் இன்றுவரை கேமராவை விட்டுக் கழலவில்லை. வேலைகளும் நிறைய வருகின்றன. பெரிய லென்ஸ் இல்லையா என்று யாராவது கேட்டால், இதுதான் எனக்கு வசதி என்று நிமிர்ந்தே சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் பூ காய்ந்துபோய் என் கேமராப் பையின் ஓரத்தில் இருக்கிறது. எந்த லென்ஸுக்கு வந்த பூ என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கு முன்னாலும் சம்மணம் போட்டு உட்காரும்போது, முருகன் என்னை எங்கே உட்காரச் சொன்னான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.